நான் மறைத்த நெஞ்செரிவு



அண்மையில் பதுளையில் ஒரு திருமண வீட்டில் ஸஹனைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு சகோதரி என் காதருகே குனிந்து கேட்டார்: "ராத்தா, கோபிக்கக் கூடாது. நீங்க வயித்தில ஆபரேஷன் செஞ்சுதானே மெலிஞ்சீங்க? எந்த ஆபரேஷன் நல்லம்? பேரை மட்டும் சொல்லுங்க. நானும் அதையே செய்யப் போறேன்."

நான் பேரைச் சொல்லவில்லை. பிறகு பேசுவோம் என்று கூறி அவருடைய தொலைபேசி இலக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒளிக்கிறாள் என்று நினைத்திருப்பார். உண்மை அதுவல்ல. நானும் ஒரு காலத்தில் ஒரே ஒரு பேரை மனதில் வைத்துக்கொண்டுதான் கொழும்புக்குப் போனேன். அந்தப் பேருக்காக ஒரு டாக்டரிடம் பொய்யும் சொன்னேன். அந்தப் பொய் பிடிபடாமல் போயிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. ஆகவே அந்தச் சகோதரிக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

படிகளும் நானும்

நான் பசறைப் பாதையில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் பாடசாலை வாசலுக்கு 86 படிகள். எண்ணி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முப்பதாவது படியில் ஒரு தரம், அறுபதாவது படியில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்குவேன். கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் என்னைத் தாண்டி ஏறிப் போவார்கள். "மெதுவா வாங்க டீச்சர்" என்று அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் அந்த அன்பே எனக்கு வெட்கமாக இருக்கும்.

2021ஆம் ஆண்டில் எனக்கு வயது 43. நிறை 112 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதில் கடைசி நான்கு வருடம் இன்சுலின் ஊசி. பிரஷர் வேறு. முழங்கால் வலிக்கு வாரத்தில் நான்கைந்து நாள் வலிக் குளிசை.

'சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் போதுமே' என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஸுபஹுக்குப் பின் இவரோடு போய் வின்சன்ட் டயஸ் மைதானத்தில் நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். ஆறு மாதத்தில் 9 கிலோ குறைந்தது. அடுத்த ஒரு வருடத்தில் 12 கிலோ ஏறியது. பெரும் பருமன் உள்ளவரின் உடல் தன் நிறையை இழக்கும்போது சும்மா விட்டுவிடுவதில்லை. பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டுகிறது. செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. இது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். எனக்கு அது தெரியாது. என் மனவுறுதிதான் போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வெட்கமும் இருந்தது. நான் படிப்பிக்கும் வகுப்பில் வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை உயரம் குன்றிய பிள்ளை. நாடு முழுவதும் எடுத்தால் ஆறில் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு, 'நான் சாப்பாட்டைக் குறைப்பதற்காக ஆபரேஷன் செய்யப் போகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது? அதனால் வருடக்கணக்காக யாரிடமும் பேசவில்லை.

பேச வைத்தவர் எங்கள் பாடசாலையில் தேநீர் தயாரித்துத் தரும் அக்கா. முன்பு மலையில் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் அறுபதாவது படியில் நான் கண்ணீரோடு நின்றதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், எங்க புள்ளைங்களுக்குச் சாப்பாடு பத்தாதது ஒரு வருத்தம். ஒங்களுக்கு இது ஒரு வருத்தம். வருத்தம்னா மருந்து தேடணும், வெக்கப்படக் கூடாது" என்றார். படித்த நான் அறியாததை அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

என்னென்ன வழிகள்?

இந்த ஆபரேஷனைப் பற்றி எனக்குத் தெரியப்படுத்தியவள் கட்டாரில் இருக்கும் என் சாச்சியின் மகள். அவள் 'ஸ்லீவ்' செய்துகொண்டு 30 கிலோ குறைந்திருந்தாள். "லேசான ஆபரேஷன் ராத்தா. குடலைத் தொடவே மாட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து ஸ்லீவ் என்ற பேர் என் மனதில் ஒட்டிக்கொண்டது.

யாருக்கு இது பொருந்தும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உங்கள் நிறையைக் கிலோவில் எடுத்து, மீட்டரிலுள்ள உயரத்தால் இரண்டு தரம் பிரித்தால் வரும் எண் அது. எனக்கு 46 வந்தது. 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி 40க்கு மேற்பட்டவர்களுக்கு, அல்லது 35க்கு மேல் இருந்து கடும் நோயும் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றிருந்தது. 2022இல் இத்துறையின் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் அதனைத் திருத்தி, 35க்கு மேல் நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம் என்றும், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5 முதலே இதனைப் பரிசீலிக்கலாம் என்றும் கூறின. நமது உடல் குறைந்த பருமனிலேயே சீனி வருத்தத்துக்கு ஆளாகிவிடுவதுதான் காரணம்.

இனி வகைகளைப் பார்ப்போம்.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் 'கிரெலின்' என்ற பசிச் சுரப்பு பெருமளவு உண்டாகிறது. ஆகவே கொள்ளளவும் குறைகிறது, பசியும் குறைகிறது. குடலில் மாற்றமில்லை. ஆனால் வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. மிக அதிக பருமன் உள்ளவர்களுக்கு ஒரு பெரிய ஆபரேஷனின் முதற்கட்டமாகவே இதைச் செய்து வந்தார்கள். முதற்கட்டத்திலேயே பலருக்கு நல்ல பலன் கிடைத்ததால் அதுவே தனி ஆபரேஷனாகிவிட்டது.

பைபாஸ் என்பது மாற்றுப்பாதை. மண்சரிவால் வீதி அடைபட்டால் நமது பக்கத்தில் வாகனங்களை வேறு பாதையால் அனுப்புவார்களே, அதுபோல. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டையளவு பை மட்டும் பிரிக்கப்பட்டு, அது நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கப்படும். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதற்குள் போகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் 1966இல் இதனைத் தொடங்கினார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்த பெண்கள் நிறை கூடாமலே இருப்பதைக் கவனித்ததிலிருந்து அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. சீனி வருத்தத்துக்கு இதன் பலன் பெரிது. நிறை குறைவதற்கு முன்பே, ஆபரேஷன் நடந்த சில நாட்களில் சீனி இறங்கத் தொடங்குவதும் உண்டு. ஆனால் இரும்பு, கல்சியம், விற்றமின் பி12 ஆகியவை உடலில் சேர்வது குறைந்துவிடும்.

மினி பைபாஸ் என்பதும் மாற்றுப்பாதையே. இதில் இரண்டு இணைப்புக்குப் பதிலாக ஒரே இணைப்பு. நேரம் குறைவு. ஆனால் பித்தநீர் மேலே ஏறி வரும் சாத்தியம் உண்டு. சத்துக் குறைபாடும் சற்று அதிகம்.

நான்காவது, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி ஒரு பட்டி கட்டுவது. ஒரு காலத்தில் மிகவும் பிரபலமாக இருந்தது. பட்டி நழுவுவதும், இரைப்பையை அரிப்பதும், மீண்டும் ஆபரேஷன் செய்து அதை எடுக்க வேண்டி வருவதும் அதிகமானதால் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

இவை தவிர, வாய் வழியாக இரைப்பைக்குள் பலூன் வைப்பது ஒன்று. அது பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுக்கப்பட வேண்டியது. எடுத்த பின் நிறை திரும்பி வருவது சாதாரணம். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அழகுக்கான சிகிச்சையே ஒழிய இந்த நோய்க்கான சிகிச்சை அல்ல. வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசி மருந்துகளும் வந்துள்ளன. பலருக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பிவிடுவதால் செலவைத் தொடர்ந்து தாங்க வேண்டும். ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் எனக்கு அது இயலவில்லை.

நான் சொன்ன பொய்

2021 கடைசியில் இரவு பஸ்ஸேறி இவரோடு கொழும்புக்குப் போய் ஓர் அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்தேன். 2022இல் நாடு பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. அவசரமில்லாத ஆபரேஷன்கள் பின்போடப்பட்டன. என்னுடையதும் பின்போனது. 2023இன் தொடக்கத்தில்தான் திரும்ப அழைத்தார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். "நெஞ்செரிவு உண்டா? படுத்தால் புளிப்பு மேலே வருமா?"

என் கைப்பையில் அந்நேரமும் வெள்ளைப் பாணி மருந்துப் போத்தல் ஒன்று இருந்தது. ஆறேழு வருடமாக அதை மிடறு மிடறாகக் குடித்து வந்தவள் நான். இரவில் இரண்டு தலையணை வைத்துத்தான் படுப்பேன். ஆனால் நெஞ்செரிவு அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் செய்ய மாட்டார்கள் என்று சாச்சியின் மகள் முன்பே சொல்லியிருந்தாள். குடலை வெட்டி ஒட்டும் பைபாஸ் என்றால் எனக்குப் பயம். உம்மாவிடம் பைபாஸ் என்று சொன்னபோது, "நெஞ்சிலயா மகள் வெட்டப் போறாங்க?" என்று அழுதுவிட்டார். அதுவும் மனதில் நின்றது.

"இல்லை டொக்டர், எப்பவாவது பிரியாணி சாப்பிட்டால் மட்டும்தான்" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும், "டாக்டரிடம் பொய் சொல்லி எடுக்கிற ஆபரேஷன் யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

என் நல்ல காலம், ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். கமரா பொய் சொல்லாது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புண்ணும் அழற்சியும் இருந்தன. இரைப்பையின் ஒரு பகுதி நெஞ்சறைக்குள் ஏறியும் இருந்தது. படத்தைக் காட்டிவிட்டு நிபுணர் கோபிக்கவில்லை. "இது ஒரு நாளில் வந்ததல்ல. ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். நான் கைப்பையைத் திறந்து அந்தப் போத்தலை மேசையில் வைத்தேன். வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

ஸ்லீவ் செய்த பின் இரைப்பை ஒடுங்கிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடும். புளிப்பு மேலே ஏறுவது அதிகமாகும். பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்லீவும் மறு பிரிவுக்கு பைபாஸும் செய்து, பத்து வருடம் கழித்துப் பார்த்த ஆய்வொன்று 2022இல் வெளியானது. உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 100க்கு 31 பேருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 100க்கு 7 பேருக்கும் இருந்தது. நிறை குறைவில் பைபாஸ் சற்று முன்னுக்கு நின்றாலும் இரண்டும் நல்ல பலனே தந்திருந்தன. ஏற்கெனவே புண்ணோடு இருந்த நான் என் பொய்யால் ஸ்லீவைப் பெற்றிருந்தால், சில வருடங்களில் அதை பைபாஸாக மாற்ற இரண்டாவது ஆபரேஷனுக்குப் படுத்திருக்க வேண்டி வந்திருக்கலாம்.

ஒரு தாள், இரண்டு பக்கம்

'அப்படியானால் பைபாஸ்தான் என்று முடிவாகிவிட்டதே' என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு இலேசில் முடியவில்லை.

நிபுணர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். பைபாஸ் பக்கத்தில் இரண்டு எழுதினார்: நெஞ்செரிவு, சீனி வருத்தம். ஸ்லீவ் பக்கத்தில் மூன்று எழுதினார். ஒன்று, என் முழங்கால் வலிக் குளிசை. பைபாஸ் செய்தவர் அவ்வகைக் குளிசைகளைக் குடித்தால் இணைப்பில் புண் வரும். புகைபிடிப்பவர்களுக்கும் அப்படியே. இரண்டு, என் இரத்தச் சோகை. அப்போது ஹீமோகுளோபின் 9.8. இரும்பு சேரும் குடற்பகுதியை பைபாஸ் தாண்டிப் போகிறது. மூன்று, பதுளை. பைபாஸ் செய்தவருக்குப் பல வருடம் கழித்தும் குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து சிறிதளவு உண்டு. அப்போது சில மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கொழும்போ இரவு முழுவதும் பஸ்ஸில் போகும் தூரம்.

"இரண்டுக்கு மூன்று. அப்ப ஸ்லீவ்தானே?" என்று நான் அவசரப்பட்டுக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டுச் சொன்ன பதிலைத்தான், சகோதரிகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். எண்ணிப் பார்க்க வேண்டாம், ஒவ்வொன்றையும் தடுப்பது யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள் என்றார். வலிக் குளிசையை விடுவது உங்கள் கையில். இரும்பும் விற்றமினும் தவறாமல் எடுப்பது உங்கள் கையில். வயிற்று வலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் 'நான் பைபாஸ் செய்தவள்' என்று சொல்வதும் உங்கள் கையில். ஆனால் ஸ்லீவின் பின் புளிப்பு ஏறி உணவுக்குழாயைப் புண்ணாக்கினால், அதைத் தடுக்க நீங்கள் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் போதாமல் போகலாம். இதே தாளை வைத்துக்கொண்டு, மாதாமாதம் மருந்து எடுக்க முடியாத ஒருவருக்கு, பரிசோதனைக்கு வர வழியில்லாத ஒருவருக்கு, நான் வேறு முடிவு சொல்லுவேன் என்றார். ஒரு வாரம் யோசித்து வரும்படி அனுப்பினார்.

ஊருக்கு வந்து பாடசாலை அக்காவிடம் இதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இரும்புக் குளிச காலம் பூரா குடிக்கணுமா? அப்ப டீச்சர், தேத்தண்ணிய விடுவீங்களா? புள்ள வயித்தில இருக்கிறப்ப மிட்வைஃப் அம்மா எங்களுக்குச் சொல்லுவாங்களே, குளிசயோட தேத்தண்ணி குடிச்சா ஒண்ணும் ஒடம்புல ஒட்டாதுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். தேயிலையிலுள்ள சாயச்சத்து இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஊவாவில் பிறந்து வளர்ந்த நமக்குச் சாப்பாட்டோடும், சாப்பாட்டுக்குப் பின்னும், விருந்தாளி வந்தாலும் போனாலும் பிளேன்டீ. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கோப்பை குடிப்பவள் நான். என் இரத்தச் சோகைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அன்றே ஒரு பரீட்சை வைத்தேன். ஒரு மாதம், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் தேநீர் இல்லை. நாளுக்கு இரண்டு கோப்பை மட்டும். வலிக் குளிசையும் இல்லை, பரசிற்றமோல் மட்டும். இந்த ஒரு மாதத்தைத் தாண்ட முடியாவிட்டால் எனக்கு பைபாஸ் கேட்க உரிமையில்லை என்று இவரிடம் சொன்னேன். நிபுணரிடமும் சொல்லி அவகாசம் வாங்கினேன். முதல் வாரம் தலையிடியால் துடித்தேன். நான்காம் வாரம் முடிந்தபோது மனதில் பயம் இருந்தது, ஆனால் சந்தேகம் இருக்கவில்லை.

ஆபரேஷனும் அதன் பின்னும்

2023 ஜூலையில், ஊவாத் தேயிலை நன்றாக மணக்கும் மாதத்தில், கொழும்புக்குப் போனேன். அதற்கு முன் இரண்டு வாரம் ஈரல் சுருங்குவதற்கான குறைந்த உணவு. வயிற்றில் சிறு துளைகள் ஐந்து. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை மரணிக்கும் ஆபத்து இதில் உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வஸிய்யத் எழுதி வைத்துவிட்டே போனேன்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. உணவோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஏழாம் மாதத்தில் நின்றது. 2024 நோன்புக்கு எட்டு மாதமே ஆகியிருந்ததால், இம்முறை வேண்டாம் என்று டாக்டர் தடுத்தார். நோன்பு கால இரவின் சில மணி நேரத்துக்குள் தேவையான தண்ணீரை என் சிறிய பை ஏற்காது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ள மனம் கஷ்டப்பட்டது. அந்தப் பெருநாளில் ஆசைக்காக இரண்டு கரண்டி வட்டிலப்பம் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருண்டு படுத்துவிட்டேன். இனிப்பு நேரே குடலுக்குள் இறங்குவதால் வரும் விளைவு அது. 2025இல் டாக்டரின் அனுமதியோடு, இரவில் அளந்து அளந்து தண்ணீர் குடித்து நோன்பு நோற்றேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஒன்றரை வருடத்தில் 112 கிலோ 78 ஆனது. பிறகு நான்கு கிலோ ஏறி இப்போது 82இல் நிற்கிறது. இன்சுலின் நின்றுவிட்டது, ஆனால் ஒரு குளிசை தொடர்கிறது. பதினொரு வருடப் பழைய வருத்தம் என்பதால் முற்றாகப் போகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நெஞ்செரிவு இல்லை. ஒரு தலையணையில் தூங்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு பி12 ஊசி, தினமும் காலையில் இரும்பு, மாலையில் கல்சியம். இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஒன்றை ஒன்று தடுக்கும். முழங்கால் வலி குறைந்ததே தவிர மறையவில்லை. வலிக் குளிசை இல்லாமல் அதைத் தாங்குவதுதான் நான் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை. என் கைப்பையில் இப்போது மருந்துப் போத்தல் இல்லை. அதற்குப் பதிலாக, எனக்கு என்ன ஆபரேஷன் நடந்தது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டை இருக்கிறது. அதன் பிரதியொன்று பதுளைப் பெரியாஸ்பத்திரியில் உள்ள என் கிளினிக் கொப்பியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

கட்டாரிலுள்ள சாச்சியின் மகளும் ஸ்லீவோடு நன்றாகவே இருக்கிறாள். அவளுக்கு நெஞ்செரிவு இருக்கவில்லை, சீனியும் இருக்கவில்லை. அவளுக்கு அது சரி. எனக்கு இது சரி. இருவரும் ஒரே ஆபரேஷனைச் செய்திருந்தால் ஒருவராவது வருந்தியிருப்போம்.

போகுமுன் உங்களையே கேளுங்கள்

1. எனக்குள்ள நோய்கள் எவை? நெஞ்செரிவு, சீனி, இரத்தச் சோகை, பித்தப்பைக் கல் எதையும் மறைக்காமல் எழுதிக் கொண்டு போகிறேனா?

2. நான் விட முடியாத மருந்தோ பழக்கமோ எது? வலிக் குளிசை, சாப்பாட்டோடு தேநீர், வீட்டில் யாருக்கேனும் புகைப்பழக்கம்?

3. ஆயுள் முழுவதும் விற்றமினுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் எனக்கு வழி உண்டா? ஒரு மாதம் பரீட்சித்துப் பார்த்தேனா?

4. பிள்ளை பெறும் எண்ணம் உண்டா? ஆபரேஷனுக்குப் பின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். கருத்தடைக் குளிசை சரியாக வேலை செய்யாமலும் போகலாம். இளம் பெண்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

5. நடுச் சாமத்தில் வயிற்று வலி வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன்? என்னோடு வருபவருக்கு விஷயம் தெரியுமா?

இந்த ஐந்துக்கும் பதிலோடு போனால், எந்த ஆபரேஷன் என்பதை நீங்களும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்வீர்கள். சில வேளை 'உங்களுக்கு எதுவும் வேண்டாம்' என்ற பதிலும் வரலாம். அதையும் நல்ல பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் கேட்ட சகோதரிக்கு நேற்று தொலைபேசியில் பேசினேன். பேரைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன்: "ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கிறீங்க?" சற்று நேரம் மறுபக்கத்தில் சத்தமில்லை. பிறகு, "மூணு, ராத்தா. இதை இதுவரைக்கும் யாருக்கும் சொல்லல்ல" என்றார்.

"முதல்ல அதை டாக்டருக்குச் சொல்லுங்க" என்றேன்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும், நம் நோயை மறைக்காமல் சொல்லும் துணிவையும் தருவானாக.